மண் தின்ற எஞ்சின்கள்: பெங்களூரில் மறுபிறவி எடுத்த போர் விமானங்கள்

திருவண்ணாமலையில் லாரி வைத்திருப்பவர்கள் வீட்டில் இரண்டு வார்த்தைகள் அடிக்கடி காதில் விழும். ஒன்று 'போர் எடுக்கணும்', இன்னொன்று 'எஃப்.சி. காட்டணும்'. தேய்ந்துபோன எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரைக் குடைந்து, புது பிஸ்டன் போடுவது முதல் வேலை. வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் சான்றிதழ் வாங்குவது இரண்டாவது வேலை. முதலாவது இல்லாமல் இரண்டாவதை 'எப்படியோ' வாங்கிவிடுகிறவர்களும் உண்டு, அந்தக் கதை இங்கே வேண்டாம் :)

இதே இரண்டு வேலையும் விமான எஞ்சினுக்கும் உண்டு. ஆனால் நடுவழியில் நின்றால் ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்க்க வானத்தில் ஓரம் கிடையாது. அதனால்தான் ஒரு தடவை ராணுவத்துக்குப் போன எஞ்சின், யாரோ மாற்றியமைத்த எஞ்சின், உடைந்து கிடந்த எஞ்சின் ஆகியவற்றை மறுபடியும் சான்றிதழோடு பறக்க விடுவது உலகம் முழுக்க பெரிய தலைவலியான விஷயம். அதை மிகப் பெரிய அளவில் செய்து பார்த்த இடங்களில் ஒன்று நமக்கு ரொம்ப பக்கம். செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாகப் போனால் சுமார் 200 கிலோமீட்டர். பெங்களூர் எச்.ஏ.எல்.

முதலில் எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம்.

பிராட் அண்ட் விட்னி என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஆர்-1830 'ட்வின் வாஸ்ப்'. நட்சத்திரம் மாதிரி வட்டமாக ஏழு சிலிண்டர், அதற்குப் பின்னால் இன்னொரு வட்டத்தில் ஏழு, ஆக மொத்தம் 14. தண்ணீர் கிடையாது, காற்றுதான் குளிர்விக்கும். பெயரில் இருக்கும் 1830 என்பது கன அங்குலக் கணக்கு. நம் கணக்கில் சொன்னால் 30 லிட்டர். மாருதி 800 காரின் எஞ்சின் 796 சி.சி. தான், அதைப் போல ஏறக்குறைய 38 எஞ்சின்களைச் சேர்த்தால் ஒரு ட்வின் வாஸ்ப்! சக்தி 1200 குதிரைத் திறன். மொத்தம் 1,73,618 எஞ்சின்கள் தயாரானதாகக் கணக்கு. விமானத்துக்கான பிஸ்டன் எஞ்சின்களில் இவ்வளவு எண்ணிக்கையை வேறு எதுவும் தொட்டதில்லை. போர்க்காலத்தில் ப்யூக், செவர்லே போன்ற கார் கம்பெனிகளும் இதைச் செய்து கொடுத்தன.

டகோட்டா என்று நாம் சொல்லும் சி-47 போக்குவரத்து விமானத்தில் இந்த எஞ்சின் இரண்டு. கடலில் இறங்கும் கேட்டலினாவில் இரண்டு. லிபரேட்டர் என்ற பெரிய குண்டுவீச்சு விமானத்தில் நான்கு. ஆனால் எல்லாம் ஒரே எஞ்சின் என்று நினைத்துவிடக் கூடாது. லிபரேட்டர் மிக உயரத்தில் பறக்க வேண்டும் என்பதால், வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் டர்போ அதற்குத் தனியாக உண்டு. டகோட்டாவுக்கு அது கிடையாது. கார்புரேட்டர் முதல் துணைக் கருவிகள் வரை வகைக்கு வகை மாறும். பெயருக்குப் பின்னால் வரும் எண்ணை (43, 65, 92 என்று போகும்) பார்த்துத்தான் எது எதற்கு என்று சொல்ல முடியும். இந்தச் சின்ன எண்தான் பின்னால் பெரிய பிரச்சினை ஆகிறது.

1939-ல் தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த் ஒரு விமானப் பயணத்தில் வில்லியம் பாலி என்ற அமெரிக்கரைச் சந்தித்தார். அந்தப் பேச்சில் முளைத்த யோசனை, மைசூர் சமஸ்தானத்தின் ஆதரவோடு 1940 டிசம்பரில் 'இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட்' கம்பெனியாகப் பெங்களூரில் பதிவானது. அப்போது மைசூர் திவான் சர் மிர்சா இஸ்மாயில். 1941-ல் ஹார்லோ என்ற பயிற்சி விமானம், 1942-ல் கர்டிஸ் ஹாக் என்ற சண்டை விமானம் என்று ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜப்பான் பர்மா வரை வந்துவிட்டது. புது விமானம் செய்து கொண்டிருக்க நேரமில்லை, அடிபட்டு வருவதைச் சரி செய்து அனுப்பினால் போதும் என்ற நிலை. 1942-ல் இந்திய அரசு கம்பெனிப் பொறுப்பை எடுத்துக்கொண்டது, 1943-ல் அமெரிக்க விமானப் படையிடம் கொடுத்தது. போர் முடியும் வரை அது ஒரு பிரம்மாண்டமான ஒர்க்‌ஷாப். கேட்டலினா விமானங்கள் பெல்லந்தூர் ஏரியில் வந்து இறங்கும். அங்கிருந்து தொழிற்சாலைக்கு இழுத்து வருவார்கள். (இன்று அந்த ஏரியில் நுரைதான் மிதக்கிறது என்பது வேறு விஷயம்.)

இங்கேதான் ஆயிரக்கணக்கான நம் ஆட்கள் எஞ்சின் ஓவர்ஹால் என்ற தொழிலை அமெரிக்க முறைப்படி கற்றார்கள். கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, 'சரியாத்தான் இருக்கு' என்று சொல்வது அல்ல அந்த முறை. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு அட்டை, ஒவ்வொரு அளவுக்கும் ஒரு எல்லை, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கையெழுத்து.

1945-ல் போர் முடிந்தது. கிழக்கு இந்தியா முழுக்க விமானங்கள் அனாதையாக நின்றன. அமெரிக்காவுக்குத் திருப்பி எடுத்துப் போகும் செலவு விமானத்தின் விலையை விட அதிகம். விற்றுவிடுவது, அல்லது உடைத்துவிடுவது என்று முடிவெடுத்தார்கள். வாங்கியவர்களில் டாடா ஏர்கிராஃப்ட் நிறுவனமும் உண்டு. வங்காளத்தில் பனாகர் என்ற ஊரில் கிடந்த விமானக் கழிவுகளை அந்த நிறுவனம் 1946-ல் ஒரு பருத்தி ஆலைக்குப் பத்து லட்ச ரூபாய்க்கு விற்றது. வாங்கியவர்கள் இரண்டரை லட்சம் முன்பணம் கட்டினார்கள், மீதியைக் கட்டவில்லை. முன்பணம் போயே போச்சு. வழக்கு மேலே மேலே போய் 1969-ல் சுப்ரீம் கோர்ட் முன்பணத்தைப் பறிமுதல் செய்தது சரியே என்று தீர்ப்புச் சொன்னது. சட்டக் கல்லூரியில் படிக்கும் நண்பர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், ஸ்ரீ அனுமான் காட்டன் மில்ஸ் வழக்கைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். அது விமானக் குப்பையால் வந்த வழக்கு என்பதைத்தான் மறந்திருப்பார்கள்.

குப்பையாக விற்றால் கிலோ கணக்கு. பறக்கும் பொருளாக விற்றால் அது வேறு விலை. நடுவில் நிற்பது ஒரு காகிதம்.

அந்தக் காகிதம் எப்படிக் கிடைக்கும்? ராணுவ விமானத்துக்கு ராணுவமே பொறுப்பு. சிவில் விமானச் சட்டம் அதைத் தொடாது. ஆனால் டிக்கெட் வாங்கிய பயணியை ஏற்றும்போது கதை மாறுகிறது. இந்தியாவில் 1934-ம் வருட விமானச் சட்டமும் 1937-ம் வருட விதிகளும் அப்போது அமலில் இருந்தன (2025 ஜனவரி முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய வாயுயான் அதினியம் இருக்கிறது). விமானம் ஏற்கனவே சிவில் உபயோகத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட ஒரு வகையோடு ஒத்துப்போக வேண்டும். எஞ்சினும் அப்படியே. டகோட்டாவுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம். அது பிறந்ததே டி.சி-3 என்ற பயணி விமானத்தின் வாரிசாக. அதன் 92-ம் எண் எஞ்சினுக்குச் சமமான சிவில் எஞ்சின் ஒன்று ஏற்கனவே சந்தையில் இருந்தது. ஆகவே கேள்வி 'இந்த வகை எஞ்சின் நல்லதா' என்பது இல்லை. 'இந்தக் குறிப்பிட்ட எஞ்சின் இன்னும் அந்த வகை எஞ்சின்தானா' என்பதே கேள்வி.

கேட்க எளிது. போர்க்களத்தில் எஞ்சினுக்கு என்ன நடக்கும் என்று யோசித்தால்தான் சிக்கல் புரியும். அவசரத்தில் வேறு விமானத்தின் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியிருப்பார்கள். சிலிண்டர் ஒன்றை வேறு எஞ்சினிலிருந்து எடுத்துப் போட்டிருப்பார்கள். ஓடிய மணிக்கணக்கு எழுதிய லாக் புத்தகம் தொலைந்திருக்கும். வெளியே இருக்கும் பெயர்ப்பலகை ஒன்று சொல்லும், உள்ளே இருப்பது வேறாக இருக்கும். லாக் புத்தகம் இல்லாத எஞ்சினுக்கு வயசு தெரியாது. வயசு தெரியாத எஞ்சினை முழுவதும் பிரித்துத்தான் ஆக வேண்டும், குறுக்கு வழி கிடையாது.

பிரிப்பது என்றால் கடைசி நட்டு வரைக்கும். எல்லாவற்றையும் ரசாயனத்தில் கழுவி, கரியையும் எண்ணெய்க் கசடையும் எடுத்து, மேஜையில் வரிசையாக அடுக்குவார்கள். பிறகு மைக்ரோமீட்டர். ஒவ்வொரு தண்டும், ஒவ்வொரு துளையும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து, தயாரித்தவர் கொடுத்த அட்டவணையோடு ஒப்பிடுவார்கள். ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு தாண்டினாலும் அந்தப் பாகம் தள்ளுபடி.

இதில் ரொம்ப சுவாரசியமானது விரிசல் தேடும் முறை. எஃகுப் பாகத்தைக் காந்தமாக்கி, மேலே நுண்ணிய இரும்புத்தூள் கலந்த திரவத்தை ஊற்றுவார்கள். கண்ணுக்கே தெரியாத விரிசல் இருந்தால் அந்த இடத்தில் காந்தப்புலம் கசியும், தூள் போய் அங்கே கோடாக ஒட்டிக்கொள்ளும். கிராங்க் ஷாஃப்டில் அப்படி ஒரு கோடு தெரிந்தால் அவ்வளவுதான், அது மறுபடியும் பறக்காது. தயாரித்தவர் பிற்காலத்தில் 'இந்தப் பாகத்தை மாற்றுங்கள்' என்று சுற்றறிக்கை விட்டிருந்தால் அதையும் செய்திருக்க வேண்டும். எல்லாம் முடிந்து திரும்பக் கோத்து, சோதனைக் கூடத்தில் மணிக்கணக்கில் ஓடவிட்டு, எண்ணெய் அழுத்தம், வெப்பம், சக்தி எல்லாம் குறித்த பிறகு, உரிமம் பெற்ற எஞ்சினியர் ஒருவர் கையெழுத்துப் போடுவார். அவர் பெயர், அவர் உரிமம், அவர் பொறுப்பு.

இந்த வேலையைப் பெங்களூரில் கற்றுக்கொண்ட ஒருவரை எல்லோருக்கும் தெரியும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்து முடித்த ராமேஸ்வரத்துப் பையன் ஒருவர் 1950-களின் பிற்பகுதியில் எச்.ஏ.எல்.லில் பயிற்சிக்குச் சேர்ந்தார். எஞ்சின் ஓவர்ஹால் செய்யும் குழுவில்தான் வேலை. பிஸ்டன் எஞ்சின், டர்பைன் எஞ்சின் இரண்டிலும் கை வைத்ததையும், கிராங்க் ஷாஃப்ட் தேய்மானத்தைப் பார்க்கக் கற்றதையும் பின்னால் 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தில் சொல்லியிருக்கிறார். ஆமாம், அப்துல் கலாம் தான்.

போருக்குப் பிறகு எச்.ஏ.எல். செய்த முதல் பெரிய வேலையே டகோட்டாக்களைச் சிவில் விமானமாக மாற்றுவது. ராணுவ இருக்கைகளை எடுத்துவிட்டு பயணி இருக்கை, உள்ளே பூச்சு, புது வயரிங், ஓவர்ஹால் செய்த எஞ்சின், கடைசியில் தகுதிச் சான்றிதழ். மலிவான டகோட்டா கிடைத்ததால் நாட்டில் விமானக் கம்பெனிகள் மழைக்காளான் மாதிரி முளைத்தன. ஏகப்பட்ட கம்பெனிகள் என்று 1950-ல் ராஜாத்யக்ஷா கமிட்டியே சொல்லும் அளவுக்கு. 1953-ல் எட்டுக் கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் ஆக்கியபோது கையில் இருந்த 99 விமானங்களில் 74 டகோட்டாக்கள்! இலங்கையிலும் இதே கதைதான். ஏர் சிலோன் 1947 டிசம்பர் 10 அன்று ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மெட்ராஸுக்கு விட்ட முதல் சர்வீஸும் டகோட்டாதான்.

அந்தச் சான்றிதழ்களின் அருமை 1947 அக்டோபர் 27 அன்று தெரிந்தது. காஷ்மீருக்குள் படையெடுப்பு, ஸ்ரீநகரைக் காப்பாற்ற உடனே ராணுவத்தை அனுப்ப வேண்டும். விமானப் படையிடம் இருந்த டகோட்டாக்கள் போதாது. அரசு சிவில் கம்பெனிகளின் டகோட்டாக்களை வரவழைத்தது. கொஞ்ச காலம் முன்பு போர்க் கழிவாக விற்கப்பட்டவை, பயணி விமானமாக மாறியவை, மறுபடியும் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு மலைகளைத் தாண்டின. எஞ்சின் பாதியில் நின்றிருந்தால் என்று நினைத்துப் பாருங்கள்.

டகோட்டா கதையாவது விற்கப்பட்ட விமானங்களின் கதை. லிபரேட்டர் கதை அதைவிட விசித்திரம்.

பிரிட்டன் போரில் பயன்படுத்திய லிபரேட்டர்கள் அமெரிக்கா 'கடனாக' கொடுத்தவை. லெண்ட்-லீஸ் ஒப்பந்தப்படி போர் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது காசு கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், இரண்டும் இல்லை என்றால் யாருக்கும் உபயோகப்படாமல் அழிக்க வேண்டும். பிரிட்டிஷ் கடற்படை ஆஸ்திரேலியா பக்கம் எத்தனையோ நல்ல விமானங்களைக் கப்பலிலிருந்து அப்படியே கடலில் தள்ளியது. இந்தியாவில் கான்பூர் அருகே சகேரி விமானத் தளத்தில் லிபரேட்டர்களை வரிசையாக நிறுத்தி வைத்து நாசம் செய்தார்கள். உடம்பில் ஓட்டை போட்டார்கள், கருவிகளை உடைத்தார்கள், வண்டியால் மோதினார்கள். எஞ்சினுக்குள் மண்ணைக் கொட்டினார்கள் என்பதுதான் எல்லாவற்றிலும் கொடுமை.

எஞ்சினுக்குள் மண் போனால் என்ன ஆகும் என்று ஆற்று மணல் லாரி ஓட்டுகிறவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். மணல் உப்புத்தாள் மாதிரி. பிஸ்டன் மேலும் கீழும் போகப் போக சிலிண்டர் சுவரைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். எண்ணெயோடு கலந்து பேரிங்குக்குப் போனால் அதையும் தின்னும். கிராங்க் ஷாஃப்டுக்குள் எண்ணெய் போகும் மெல்லிய வழிகளில் அடைத்துக்கொண்டால் வெளியே கழுவினாலும் போகாது.

1948-ல் புது நாட்டின் விமானப் படையிடம் கனரக குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. வாங்கப் பணமும் இல்லை, விற்க ஆளும் இல்லை. கான்பூரில் நிற்கும் சவங்களை எழுப்ப முடியுமா என்று வெளிநாட்டு நிபுணர்களிடம் கேட்டதாகவும், முடியவே முடியாது என்று அவர்கள் கையை விரித்ததாகவும் சொல்வார்கள். எச்.ஏ.எல். ஒத்துக்கொண்டது. எஞ்சினை எல்லாம் கான்பூரிலேயே முழுசாகப் பிரிக்க வசதி கிடையாது. பெங்களூருக்குத்தான் கொண்டு வர வேண்டும். இவ்வளவு பெரிய விமானத்தை ரயிலில் ஏற்ற முடியாது. ஆகவே ஒரே வழி, பறக்க வைத்துக் கொண்டு வருவது!

ஒரு விமானத்தின் நல்ல பாகத்தை எடுத்து இன்னொன்றில் போட்டு, ஒரே ஒரு பயணத்துக்குத் தாங்கும் அளவுக்கு ஒப்பேற்றினார்கள். ஓட்டியவர் எச்.ஏ.எல். சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி. அதற்கு முன் லிபரேட்டர் ஓட்டிய அனுபவம் அவருக்கு இல்லை என்கிறார்கள். கையேட்டைப் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். கான்பூரிலிருந்து பெங்களூர் ஆயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு தடவை செய்தால் தைரியம் என்று விட்டுவிடலாம். நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் இப்படி ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நான்கு எஞ்சின் ஒவ்வொன்றிலும், எல்லாமே சந்தேகத்துக்குரிய எஞ்சின்.

பெங்களூரில் ஒவ்வொன்றும் பிரிக்கப்பட்டு, மேலே சொன்ன அதே கழுவல், அளவு, காந்தத்தூள், சோதனைக் கூடம் எல்லாவற்றையும் தாண்டி வெளியே வந்தது. ஒன்று கவனிக்க வேண்டும். இவை பயணி விமானம் அல்ல, ராணுவ விமானம். சிவில் சான்றிதழ் தேவையில்லை. சட்டப்படி விமானப் படை ஏற்றுக்கொண்டால் போதும். ஆனாலும் ஓவர்ஹால் மேஜையில் மைக்ரோமீட்டர் ராணுவம், சிவில் என்று பார்த்தா அளக்கும்? 1948 நவம்பரில் கான்பூரிலேயே 5-ம் ஸ்க்வாட்ரன் லிபரேட்டர்களோடு உருவானது. அழித்த இடத்துக்கே திரும்பி வந்து நின்றன! பின்னால் 6-ம் ஸ்க்வாட்ரன் கடல் கண்காணிப்புக்கு இவற்றை வைத்துக்கொண்டது. 1968 வரைக்கும் பறந்தன. உலகத்தில் கடைசியாக லிபரேட்டரை ராணுவத்தில் வைத்திருந்த நாடு இந்தியாதான்.

அமெரிக்காவில் 18,000-க்கும் மேல் செய்தார்கள், ஏறக்குறைய எல்லாவற்றையும் உருக்கி அலுமினியம் ஆக்கிவிட்டார்கள். ஆகவே அருங்காட்சியகங்கள் லிபரேட்டர் வேண்டும் என்று தேடியபோது இந்தியாவிடம்தான் வர வேண்டியிருந்தது. லண்டன் ஆர்.ஏ.எஃப். மியூசியத்தில் இருப்பது இங்கிருந்து போனது. அரிசோனாவில் இருக்கும் பீமா மியூசியத்துக்கு 1969-ல் ஒன்று போனது. கனடாவுக்கு ஒன்று போனது. அதற்குப் பதிலாக வந்த லைசாண்டர் விமானம் டெல்லி பாலம் மியூசியத்தில் இருக்கிறது. எதை அழிக்கச் சொல்லி ஒப்பந்தம் போட்டார்களோ அதையே பண்டமாற்றில் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள்.

இன்னொன்று 1980-களில் இங்கிலாந்து வழியாக அமெரிக்காவின் காலிங்ஸ் ஃபவுண்டேஷனிடம் போய், 1989-ல் மறுபடியும் பறந்தது. மண் கொட்டிய அதே கான்பூர் வரிசையில் நின்ற விமானம். அதே நிறுவனம் ஒரு பி-17 விமானத்தையும் வைத்துக்கொண்டு, காசு வாங்கிப் பொதுமக்களை ஏற்றிப் பறந்து வந்தது. 2019 அக்டோபர் 2 அன்று அந்த பி-17 கனெக்டிகட் மாநிலத்தில் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். வலது பக்க எஞ்சின்கள் இரண்டிலும் சக்தி குறைந்திருந்தது. ஸ்பார்க் பிளக்குகள் தேய்ந்திருந்தன, ஒரு மேக்னட்டோவின் வயர் சரியாக நிற்காமல் கம்பியால் கட்டி வைக்கப்பட்டிருந்தது என்று விசாரணை சொன்னது. இத்தனைக்கும் எஞ்சின் வேலை எல்லாம் சரியாக நடந்ததாகத்தான் காகிதம்.

ஜெட் காலத்திலும் இதே பிரச்சினை வேறு வேஷத்தில் வருகிறது. பழைய எஞ்சினைப் பிரித்து பாகங்களாக விற்பது இன்று பெரிய வியாபாரம். எஞ்சினை முழுதாக விற்பதை விட லாபம் கூட. ஒவ்வொரு பாகத்தோடும் ஒரு சான்றிதழ் படிவம் போகும், இந்தியாவில் 'சி.ஏ. ஃபார்ம் 1'. படிவம் இல்லாத பிளேடு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இரும்பு விலைதான். எனவே படிவத்தையே போலியாக அடிக்கலாமே என்று யோசிக்க ஆள் இல்லாமலா போகும்? 2023-ல் லண்டனின் ஏ.ஓ.ஜி. டெக்னிக்ஸ் என்ற நிறுவனம் போயிங் 737, ஏர்பஸ் ஏ320 விமானங்களில் ஓடும் சி.எஃப்.எம்.56 எஞ்சின்களுக்கு போலிச் சான்றிதழோடு பாகங்கள் விற்றது வெளியே வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட எஞ்சின்களில் அவை ஏறியிருந்தன. பல நாட்டு விமானக் கம்பெனிகள் விமானங்களை நிறுத்தி எஞ்சினைத் திறந்து பார்க்க வேண்டி வந்தது.

அதைக் கண்டுபிடித்தது எந்தக் கம்ப்யூட்டரும் இல்லை. போர்ச்சுகல் நாட்டு டாப் விமானக் கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில் ஒரு சின்ன பாகத்தைப் பார்த்தவர்களுக்கு, காகிதம் சொல்வதை விட அது பழசாக இருக்கிறதே என்று சந்தேகம் வந்தது. தயாரித்த கம்பெனிக்கு அந்தப் படிவத்தை அனுப்பிக் கேட்டார்கள். அந்தப் படிவம் எங்களுடையது இல்லை என்று பதில் வந்தது.